எனர்ஜைஸ் என்றால் ஓடுகிறது என்று அர்த்தமில்லை

கேள்வி: வணக்கம் ஐயா. டிப்ளமோ ஈ.ஈ.ஈ. முடித்துவிட்டு வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் டிரெய்னியாகச் சேர்ந்திருக்கிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். இங்கே பேனல், மேனுவல், வொர்க் பெர்மிட் எல்லாவற்றிலும் எனர்ஜைஸ், டி-எனர்ஜைஸ் என்ற வார்த்தைகள் வருகின்றன. அகராதியில் பார்த்தால் 'ஆற்றலூட்டு, உற்சாகமூட்டு' என்று இருக்கிறது. போன வாரம் ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் மெஷின்) டிரைவ் பேனலில் கூலிங் ஃபேன் மாற்றப் போனேன். 'டி-எனர்ஜைஸ் பண்ணியாச்சா?' என்று சூப்பர்வைசர் கேட்டார். ஸ்டாப் பட்டனை அழுத்தி மெஷின் நின்றுவிட்டதால் 'ஆச்சு சார்' என்றேன். வந்து பார்த்தவர் என் கையைப் பிடித்து இழுத்து, எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். நான் செய்ததில் என்ன தப்பு? இந்த வார்த்தையை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது? எச்.ஆர். அனுப்பும் மெயிலிலும் இதே வார்த்தை வருகிறதே, அதற்கு என்ன பொருள்? பேனல் கதவில் ஒட்டத் தமிழில் ஓர் எச்சரிக்கை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் உதவுங்கள்.

வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள தம்பி,

எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் கையைப் பிடித்து இழுத்தாரே, அதற்காக அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். அவர் கேட்ட கேள்வி ஒன்று, நீங்கள் பதில் சொன்ன கேள்வி வேறொன்று. 'மெஷின் நின்றுவிட்டதா' என்று அவர் கேட்கவில்லை. 'உள்ளே வோல்டேஜ் எங்கேயும் இல்லைதானே' என்று கேட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில்தான் நம் தொழிலில் ஆட்கள் சாகிறார்கள். அதனால்தான் உங்கள் கடிதத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

எலக்ட்ரிக்கல் வேலையில் எனர்ஜைஸ் என்ற வினைச்சொல் சொல்வது ஒரே ஒரு செய்திதான்: சப்ளையோடு இணைத்தாயிற்று, இந்த இடம் வரை வோல்டேஜ் வந்துவிட்டது. மோட்டார் சுற்றுகிறதா, விளக்கு எரிகிறதா, யாராவது கரண்ட் எடுக்கிறார்களா என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் கிடையாது. மாடியில் டேங்க் நிறைந்திருக்கிறது, கீழே குழாய் மூடியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடவில்லை. ஆனால் குழாய் முழுக்க அழுத்தம் நிற்கிறது, திறந்தவுடன் பீய்ச்சி அடிக்கும். பேனலுக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் உலோகப் பட்டையான பஸ்பாரும் எனர்ஜைஸ் ஆகிவிட்டால் அப்படித்தான். அகராதியின் 'ஆற்றலூட்டு' உங்களைக் குழப்பியதற்குக் காரணம் இதுதான். லோடு இல்லாத லைன் எனர்ஜைஸ் ஆகியிருக்கும்போது அதன் வழியாக ஏறக்குறைய எந்த ஆற்றலும் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. ஆனாலும் அது எனர்ஜைஸ்டு லைன்தான், தொட்டால் ஆளைக் கொல்லும்.

சரி, உங்கள் பேனலுக்கு வருவோம். டிரைவ் என்பது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. ஸ்டாப் பட்டன் அதற்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கு 'மோட்டாரை நிறுத்து' என்று ஒரு சிக்னல் கொடுக்கிறது. மோட்டார் நிற்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. டிரைவின் இன்புட்டில் மூன்று ஃபேஸும் 415 வோல்ட்டில் அப்படியே நிற்கின்றன. அந்த ஏ.சி.யை டிரைவ் டி.சி.யாக மாற்றிப் பெரிய கெபாசிட்டர்களில் சேர்த்து வைக்கும். டி.சி. பஸ் என்பது அதுதான். 415 வோல்ட் சப்ளைக்கு அங்கே சுமார் 560 முதல் 590 வோல்ட் வரை டி.சி. இருக்கும். நீங்கள் ஃபேனைக் கழற்றக் கையை விட்ட இடத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்திருக்கும் அது. மெஷின் சத்தமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தபோதும் உள்ளே எல்லாமே எனர்ஜைஸ்டுதான். மோட்டாருக்குப் போகும் டெர்மினல்களையும் ஸ்டாப் நிலையில் நம்பிவிடக் கூடாது. அவற்றுக்கும் டி.சி. பஸ்ஸுக்கும் நடுவில் இருப்பவை செமிகண்டக்டர்கள் மட்டும்தான், காற்று இடைவெளி விட்டுப் பிரிக்கிற சுவிட்ச் எதுவும் அங்கே இல்லை.

சரி, மெயினை ஆஃப் செய்திருந்தால்? அப்போதும் உடனே கை வைக்கக் கூடாது. எம்.சி.சி.பி.யை (மெயின் பிரேக்கரை) இறக்கிய பிறகும் கெபாசிட்டர்களில் சேர்ந்த சார்ஜ் மெதுவாகத்தான் வடியும். டிரைவ் மேல் ஒரு மஞ்சள் லேபிள் ஒட்டியிருப்பார்கள், 5 நிமிடம், 10 நிமிடம், 15 நிமிடம் என்று டிரைவின் அளவுக்கு ஏற்பக் காத்திருக்கும் நேரம் அதில் இருக்கும். அடுத்த முறை பேனலைத் திறக்கும்போது அந்த லேபிளைத் தேடிப் படியுங்கள். அந்த நேரம் கழிந்த பிறகும் மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து பஸ்ஸை அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இந்தச் சொல் புழங்கும் இடங்களைப் பார்த்தால் அர்த்தம் இன்னும் நன்றாகப் பிடிபடும். அகராதியை மூடி வைத்துவிட்டு வாருங்கள்.

சப்ஸ்டேஷனில் ஒரு புது டிரான்ஸ்ஃபார்மரை முதன்முதலாக சப்ளையில் போடுவதை எடுத்துக்கொள்வோம். இங்கிலீஷ் ரிப்போர்ட்டில் எனர்ஜைஸ்டு என்று எழுதுவார்கள். யார்டில் நிற்கிறவர்கள் வாயில் 'சார்ஜ் பண்ணியாச்சு' என்றுதான் வரும். அன்றைக்கு எல்லாரும் கொஞ்சம் தள்ளி நின்று, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். பிரேக்கர் மூடியதும், அதாவது சப்ளை இணைந்ததும், 'ம்ம்ம்' என்று கனமாக ஒரு சத்தம் கிளம்பும், கொஞ்ச நேரத்தில் அடங்கி சீரான முனகலாக மாறும். நம் சப்ளை 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த முனகல் 100 ஹெர்ட்ஸில் இருக்கும், ஒவ்வொரு சைக்கிளிலும் இரும்பு இரண்டு முறை விரிந்து சுருங்குவதால். மூடிய கணத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கோர் காந்தப்புலத்தால் நிறைந்துபோனால், ஃபுல் லோடு கரண்டைப் போல எட்டு, பத்து மடங்கு கூட ஒரு கணம் இழுக்கும். இன்ரஷ் கரண்ட் என்று படித்திருப்பீர்கள். இத்தனைக்கும் செகண்டரியில் (சப்ளை வெளியே போகும் பக்கத்தில்) ஒரு விளக்குகூட இணைத்திருக்க மாட்டார்கள். நோ லோடில் சார்ஜ் பண்ணி, சத்தம், எண்ணெய், வெப்பம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பல மணி நேரம் பார்த்த பிறகுதான் லோடு கொடுப்பார்கள். எனர்ஜைஸ் செய்வது ஒரு வேலை, லோடு ஏற்றுவது இன்னொரு வேலை. ரிப்போர்ட்டிலும் இரண்டுக்கும் தனித்தனி வரி, தனித்தனி நேரம் இருக்கும்.

ரயில்வேயில் இன்னும் தெளிவு. ஒரு பாதையை மின்மயமாக்கி முடித்ததும் பேப்பரில் ஒரு பொது அறிவிப்பு வரும், கவனித்திருக்கிறீர்களா? இன்ன ஊர் முதல் இன்ன ஊர் வரையுள்ள மேல்நிலைக் கம்பிகளில் இன்ன தேதி முதல் 25,000 வோல்ட் மின்சாரம் செலுத்தப்படும், அன்று முதல் அந்தக் கம்பிகளை எந்நேரமும் மின்சாரம் உள்ளவையாகவே கருத வேண்டும், அனுமதியில்லாத யாரும் அருகே போகக் கூடாது என்று இருக்கும். இங்கிலீஷ் அறிவிப்பில் 'செலுத்தப்படும்' என்பதற்கு எனர்ஜைஸ்டு, 'மின்சாரம் உள்ளவை' என்பதற்கு லைவ். 'எந்நேரமும்' என்பதுதான் அதில் முக்கியமான சொல். ரயில் வரும்போது மட்டும் என்று அறிவிப்பு சொல்லவில்லை. ஒரு எலக்ட்ரிக் இன்ஜின்கூட இன்னும் அந்தப் பாதையில் ஓடியிருக்காது, ஆனால் கம்பி அந்தத் தேதியிலிருந்து லைவ். இதிலேயே இன்னொரு சொல்லுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். மாஸ்ட் நட்டு, கம்பி இழுத்து, சப்ஸ்டேஷன் கட்டுகிற மொத்த வேலையும் எலக்ட்ரிஃபை. எல்லாம் முடிந்து வோல்டேஜ் கொடுக்கிற அந்த ஒரு செயல் எனர்ஜைஸ்.

விவசாய மின் இணைப்பிலும் இதே சொல் அரசாங்க பாஷையில் ஊறிப்போயிருக்கிறது. 1969-இல் ரூரல் எலக்ட்ரிஃபிகேஷன் கார்ப்பரேஷன் தொடங்கிய காலத்திலிருந்தே கிராமத்துக்கு எலக்ட்ரிஃபிகேஷன், பம்ப்செட்டுக்கு எனர்ஜைசேஷன் என்றுதான் அறிக்கைகளில் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேல் விவசாய பம்ப்செட்டுகள் இப்படி எனர்ஜைஸ் ஆனவை. சர்வீஸ் கொடுத்தாயிற்று, மோட்டார் வரை சப்ளை இருக்கிறது என்று மட்டுமே அதற்குப் பொருள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்பது வேறு கதை.

இனி உங்கள் கைக்கு தினமும் வருகிற இடம், கான்டாக்டர் காயில். கான்டாக்டர் என்பது காந்தத்தால் இயங்கும் சுவிட்ச், அந்தக் காந்தத்தின் சுருள்தான் காயில். நீங்கள் படிக்கிற மேனுவல்களில் இந்தச் சொல் அதிகமாக வருவது இங்கேதான். ஏ1, ஏ2 டெர்மினலில் சப்ளை கொடுத்தால் காயில் எனர்ஜைஸ் ஆகிறது. காந்தம் இழுக்கிறது, 'டொக்' என்று சத்தம், 13-14 என்ற கான்டாக்ட் மூடுகிறது, 21-22 என்ற கான்டாக்ட் திறக்கிறது. சப்ளையை எடுத்தால் டி-எனர்ஜைஸ், ஸ்பிரிங் பழைய நிலைக்குத் தள்ளிவிடும். டிராயிங்கில் எல்லா கான்டாக்டையும் டி-எனர்ஜைஸ்டு நிலையில்தான் வரைந்திருப்பார்கள். என்.ஓ. (நார்மலி ஓபன்), என்.சி. (நார்மலி குளோஸ்டு) என்பதில் வரும் 'நார்மல்' இந்த டி-எனர்ஜைஸ்டு நிலைதான். பல டிரெய்னிகள் மெஷின் வழக்கமாக ஓடும் நிலையை நார்மல் என்று எடுத்துக்கொண்டு டிராயிங்கைத் தலைகீழாகப் படிப்பார்கள். நீங்கள் அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. எனர்ஜைஸ் ஆன காயில் எல்லாம் இழுத்தே தீரும் என்பதில்லை. கான்டாக்டர் காயில் அதன் ரேட்டிங்கில் 85 சதவீதம் முதல் 110 சதவீதம் வரையுள்ள வோல்டேஜில் சரியாக இழுக்க வேண்டும் என்பது தரவிதி. 230 வோல்ட் காயில் என்றால் கீழ் எல்லை 195-க்குச் சற்று மேல். வோல்டேஜ் 170-க்கு இறங்கிப்போனால் என்ன ஆகும்? சப்ளை இருக்கிறது, காயில் எனர்ஜைஸ்டுதான், ஆனால் ஆர்மேச்சர் (காந்தம் இழுக்கிற அசையும் இரும்பு) முழுசாக ஒட்டாமல் 'கடகட'வென்று அடித்துக்கொண்டே இருக்கும். ஏ.சி. காயிலில் ஆர்மேச்சர் ஒட்டாமல் இடைவெளி இருக்கும்போது கரண்ட் பல மடங்கு அதிகமாக ஓடும். அப்படியே விட்டால் காயில் கருகிவிடும். அதனால் மேனுவலில் எனர்ஜைஸ் என்று இருந்தால் சப்ளை போயிற்றா என்று மீட்டரில் பாருங்கள். பிக்-அப் என்று இருந்தால் கான்டாக்ட் மாறியதா என்று பாருங்கள். ஃபால்ட் கண்டுபிடிக்கிறவனுக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிற கண் வேண்டும். ஏ1, ஏ2-இல் வோல்டேஜ் இருந்தும் கான்டாக்டர் இழுக்கவில்லையென்றால் கோளாறு கான்டாக்டரில் அல்லது வோல்டேஜின் அளவில். அங்கே வோல்டேஜே இல்லையென்றால் கோளாறு அதற்கு முந்தைய கண்ட்ரோல் சர்க்யூட்டில். ஒரு மீட்டர் ரீடிங் பாதி வேலையை முடித்துவிடும்.

பாதுகாப்புச் சங்கதிகளில் இந்தச் சொல்லைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் நின்று படியுங்கள். 'டி-எனர்ஜைஸ் டு டிரிப்' என்று சில இடங்களில் இருக்கும். காயிலில் சப்ளை இருக்கும் வரை மெஷின் ஓடலாம், சப்ளை போனால் மெஷின் நின்றுவிடும் என்று அதற்குப் பொருள். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனில் என்.சி. கான்டாக்ட் போடுவது அதனால்தான். பாய்லர் எரிபொருள் வால்வை இயக்கும் காந்தச் சுருளான சாலினாய்டும் அப்படியே, சப்ளை போனால் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். ஒயர் அறுந்தாலும், எலி கடித்தாலும், கரண்ட் போனாலும் ஆபத்தில்லாத பக்கம் சாயும். இந்த யோசனையின் அழகான பழைய உதாரணம் ரயில் பாதையின் டிராக் சர்க்யூட். அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் 1872-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். தண்டவாளம் வழியாகவே சிறிய கரண்ட் அனுப்பி, மறுமுனையில் ஒரு ரிலேயை (சின்ன காந்த சுவிட்சை) எனர்ஜைஸ் செய்து வைத்திருப்பார்கள். பாதை காலியாக இருக்கும்வரை ரிலே எனர்ஜைஸ்டு, பச்சை விளக்குக்கு அனுமதி. ரயில் உள்ளே வந்தால் அதன் சக்கர அச்சு இரண்டு தண்டவாளங்களையும் ஷார்ட் செய்யும், ரிலே டி-எனர்ஜைஸ் ஆகும், சிவப்பு விழும். தண்டவாளம் உடைந்தாலும் பேட்டரி செத்தாலும் சிவப்புதான். 150 வருடங்களுக்கு முன்னால் ஒருவர் இப்படி யோசித்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

இப்போது டி-எனர்ஜைஸ். உங்கள் சூப்பர்வைசர் கேட்ட கேள்வி. வெறுமனே ஆஃப் செய்வது இந்தச் சொல்லுக்குப் போதாது. ஒரு பேனல் டி-எனர்ஜைஸ்டு என்று நீங்கள் வாயால் சொல்வதற்கு முன் அதற்குள் வரும் எல்லா வழிகளும் அடைபட்டிருக்க வேண்டும். மெயின் ஃபீடர் ஒரு வழி. ஆனால் கண்ட்ரோல் சப்ளை வேறு டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்து வரலாம். மோட்டாருக்குள் ஈரம் சேராமல் காக்கும் ஸ்பேஸ் ஹீட்டருக்குத் தனி ஒயர் இருக்கும், அது மோட்டார் நிற்கும்போதுதான் வேலையே செய்யும். இரண்டு மெஷின்களின் ஓட்டத்தைப் பிணைத்து வைக்க, பக்கத்து மெஷினிலிருந்து வரும் இன்டர்லாக் ஒயரில் அந்த மெஷினின் சப்ளை நிற்கும். ஜெனரேட்டர், சோலார் இருந்தால் பின்பக்கமாகவும் வரும். மின்வாரியத்து லைனில் வேலை செய்கிறவர்கள் எல்.சி. (லைன் கிளியர் அனுமதி) வாங்கி, ஏ.பி. சுவிட்சை (லைனைத் துண்டிக்கும் ஏர் பிரேக் சுவிட்சை) திறந்த பிறகும், கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போடாமல் கம்பத்தில் கை வைக்கக் கூடாது என்பது இதற்காகத்தான். எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் தவறாக இணைக்கப்பட்டிருந்தால், அந்த 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாக வந்து நிற்கும்.

எல்லா வழியையும் அடைத்த பிறகு பூட்டு. உங்கள் பூட்டு, உங்கள் சாவி, உங்கள் பெயர் எழுதின அட்டை. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இதற்கென்றே 1989-இல் தனி விதி கொண்டுவந்தார்கள், லாக்-அவுட் டேக்-அவுட் என்று உங்கள் ஆலையிலும் சொல்வார்கள். அப்புறம் டெஸ்ட். மீட்டரை முதலில் சப்ளை இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், காட்டுகிறதா என்று. பிறகு பேனலில் ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு எர்த், டிரைவ் என்றால் டி.சி. பஸ்ஸும் சேர்த்து அளவெடுங்கள். பிறகு திரும்பவும் அந்தத் தெரிந்த இடத்தில் வையுங்கள். கடைசிப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். நடுவில் மீட்டரின் ஃபியூஸ் போயிருந்தாலோ, லீடு அறுந்திருந்தாலோ, செத்த மீட்டர் காட்டுகிற பூஜ்யத்தை நம்பிக் கையை வைப்பீர்கள். சட்டைப் பையில் வைத்திருக்கும் நியான் டெஸ்டரை இந்த வேலைக்கு நம்பவே வேண்டாம். இவ்வளவும் முடிந்த பிறகு 'டி-எனர்ஜைஸ் பண்ணியாச்சு சார்' என்று சொல்லுங்கள். பேனலுக்குள் ஏதாவது ஒரு ஒயர் பற்றி சந்தேகம் இருந்தால் 'மெயின் ஆஃப் சார், கண்ட்ரோல் சப்ளை இன்னும் பார்க்கவில்லை' என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

எச்.ஆர். மெயிலுக்கு வருகிறேன். அங்கே எனர்ஜைஸ் மனிதர்களைப் பற்றியது, அகராதியில் நீங்கள் பார்த்த 'உற்சாகமூட்டு' அங்கே சரியாகப் பொருந்தும். 'டீமை எனர்ஜைஸ் செய்யும் நிகழ்ச்சி' என்றால் சோர்ந்திருப்பவர்களைத் தட்டி எழுப்புகிற நிகழ்ச்சி. லீவுக்குப் போய்விட்டு வந்தவர் 'ஐ ஃபீல் எனர்ஜைஸ்டு' என்றால் புதுத் தெம்போடு இருக்கிறார். எனர்ஜைஸிங் என்பது தெம்பு தருகிற பொருளுக்கு, எனர்ஜெடிக் என்பது சுறுசுறுப்பான ஆளுக்கு. மெஷினைப் பற்றி எனர்ஜெடிக் என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள், சிரிப்பார்கள். இந்தப் பொருளில் வரும்போது வேறு சில சொற்களும் பக்கத்தில் நிற்கும். காலை நடை, குளிர்ந்த காற்று, அருவிக் குளியல் போல உடம்புக்குத் தெம்பு தருவதற்கு இன்விகரேட். கூட்டமோ பேச்சோ களைகட்டச் செய்தால் என்லைவன். ஒரு செய்தி எல்லாரையும் உலுக்கி வேலையில் இறக்கினால் கால்வனைஸ்.

இந்தக் கால்வனைஸ் நம் ஆள்தான். இத்தாலியின் பொலோன்யாவில் லூயிஜி கால்வானி செத்த தவளையின் கால் மின்சாரத்தால் துள்ளுவதைக் கண்டு 1791-இல் எழுதி வெளியிட்டார். துள்ளி எழச் செய்வதற்கு அவர் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது. நாம் எர்த் பைப்புக்கு வாங்குகிற ஜி.ஐ. (கால்வனைஸ்டு அயர்ன்) பைப்பில் இருக்கும் ஜி-யும் அதே பெயர்தான். இத்தனைக்கும் அந்தப் பைப்பை உருகிய துத்தநாகத்தில் முக்கித்தான் எடுக்கிறார்கள், அதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை.

ஒரு சொல்லில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்: எனர்வேட். கேட்பதற்கு எனர்ஜைஸின் தம்பி மாதிரி இருக்கும். பொருள் நேர் எதிர், தெம்பை உறிஞ்சி எடுத்துவிடுவது. சித்திரை மாத வெயிலை எனர்வேட்டிங் என்று சொல்லலாம். இங்கிலீஷில் நன்றாகப் பேசுகிறவர்களே இதில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். இன்டர்வியூவில் 'உங்கள் கம்பெனி என்னை எனர்வேட் செய்கிறது' என்று சொல்லிவிடாதீர்கள்.

வாக்கியத்தில் பயன்படுத்துவதற்குச் சில குறிப்புகள். எனர்ஜைஸுக்கு எப்போதும் செயப்படுபொருள் வேண்டும், எதை எனர்ஜைஸ் செய்கிறோம் என்று சொல்லியாக வேண்டும். 'மோட்டார் எனர்ஜைஸ் செய்தது' என்கிற வாக்கியம் நிற்காது. 'காயில் 24 வோல்ட் டி.சி.யால் எனர்ஜைஸ் செய்யப்படுகிறது' என்பது போல செயப்பாட்டு வினையில்தான் மேனுவல்களில் அதிகம் வரும். ஸ்பெல்லிங்கில் எஸ் போட்டாலும் இசட் போட்டாலும் சரி. ஒரே ரிப்போர்ட்டில் இரண்டையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான். உச்சரிக்கும்போது அழுத்தம் முதல் எழுத்தான 'எ' மேல் விழ வேண்டும். பேட்டரிக்கு இந்தச் சொல் வேண்டாம், அதற்கு சார்ஜ். மோட்டாரைச் சுழல விடுவதற்கு ஸ்டார்ட். நம் ஆட்கள் லைனுக்கும் பேட்டரிக்கும் சேர்த்து 'சார்ஜ்' என்று சொல்வது பேச்சில் தப்பில்லை, எல்லாருக்கும் புரியும். பெர்மிட்டில் எழுதும்போது மட்டும், சப்ளை கொடுத்தாயிற்று என்பதற்கு எனர்ஜைஸ்டு என்றும், சப்ளை துண்டித்த பின் கெபாசிட்டரில் மிச்சம் நிற்பதற்கு சார்ஜ்டு என்றும் பிரித்து எழுதுங்கள். அந்த இரண்டுக்கும் எடுக்க வேண்டிய நடவடிக்கை வேறு வேறு.

கடைசியாக, பேனல் கதவுக்கான எச்சரிக்கை. 'ஆற்றலூட்டப்பட்டிருக்கும்போது திறவாதீர்' என்று யாராவது மொழிபெயர்த்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். ராத்திரி ஷிப்டில் அவசரமாக வருகிறவருக்கு அது ஒன்றும் சொல்லாது. நான் இப்படி எழுதுவேன்:

அபாயம். 415 வோல்ட்.
மெஷின் நின்றிருந்தாலும் உள்ளே மின்சாரம் இருக்கும்.
ஸ்டாப் பட்டன் போதாது. மெயினை ஆஃப் செய்து பூட்டவும்.
மெயின் ஆஃப் ஆன பிறகும் …… நிமிடம் காத்திருக்கவும்.
மீட்டரில் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள்.
எலக்ட்ரிக்கல் ஆட்கள் மட்டும் திறக்கவும்.

புள்ளியிட்ட இடத்தில் அந்தந்த டிரைவின் லேபிளில் உள்ள நேரத்தை எழுதுங்கள். எல்லாப் பேனலுக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள். வேறு ஃபீடரிலிருந்து சப்ளை வரும் பேனல்களில் 'இந்தப் பேனலுக்கு இரண்டு சப்ளை, இரண்டாவது சுவிட்ச் இன்ன இடத்தில்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உங்கள் பக்கத்து ஆலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் நிறைய வேலை செய்கிறார்கள். அவர்களில் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட உட்காரவைத்து, இதே வரிகளை ஹிந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வாங்குங்கள். எழுதினவரைத் தவிர வேறொருவரிடம் கொடுத்து, படித்ததும் என்ன செய்வாய் என்று கேட்டுப் பாருங்கள். பூட்டையும் காத்திருக்கும் நேரத்தையும் அவர் சொல்லிவிட்டால் லேமினேட் செய்து கண் உயரத்தில் ஒட்டிவிடலாம். சொல்லவில்லையென்றால் வரிகளைத் திருத்தி இன்னொருவரிடம் கொடுங்கள்.